கடைசிப் பந்தி

சங்கரன்கோயிலிலிருந்து திருவனந்தபுரம் போவதை வெளிநாட்டுப் பயணம் என்று சொன்னால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். காலையில் கிளம்பி, அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு, ராத்திரி வீடு திரும்புகிறவர்கள் உண்டு. ஆனால் கொரோனா வந்த பிறகு மாநில எல்லை தாண்டுவதே கடல் தாண்டுவது மாதிரி ஆகிப்போனது. ஊசி போட்ட சான்று, பரிசோதனைச் சான்று, எங்கே தங்குகிறீர், யாரைப் பார்க்கிறீர், எப்போது திரும்புகிறீர் என்று எல்லாக் கேள்விக்கும் பதிலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனேன். பாஸ்போர்ட் ஒன்றைத்தான் யாரும் கேட்கவில்லை.

நான் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். கொரோனாவில் நுரையீரல் கெட்டுப்போனவர்கள் கை ஒடிந்து கால் ஒடிந்து வரும்போது அவர்களை முழுக்க மயக்குவது ஆபத்து. ஸ்கேன் கருவியில் நரம்பைப் பார்த்து, அதன் பக்கத்தில் ஊசியைக் கொண்டுபோய், அந்தக் கையை மட்டும் மரத்துப்போகச் செய்யலாம். அந்த வித்தையை இரண்டு வருஷமாகக் கம்ப்யூட்டரில் பார்த்துப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது, ஒரு நாள் ஊசியை எடுத்துக்கொண்டு நோயாளி முன்னால் நின்றபோது தெரிந்தது. எங்கே குத்துவதென்று தெரியவில்லை. ஊசியைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அலமேலுவின் அழைப்பு வந்தது. திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியில் என்னோடு படித்தவள். திருவனந்தபுரத்தில் வலியசாலை அக்கிரகாரத்துப் பெண். படிப்பு முடிந்ததும் சொந்த ஊருக்கே போய் அங்கேயே பெரிய டாக்டராகிவிட்டாள். மயக்க மருந்து டாக்டர்களுக்காக மூன்று நாள் மாநாடு, நேரில், கையைப் பிடித்துச் சொல்லித் தரப்போகிறோம் என்று எழுதியிருந்தாள். நோய் அடங்கவில்லை, அடங்குகிற வரை காத்திருந்தால் நமக்கு வயதாகிவிடும் என்றும் எழுதியிருந்தாள்.

போவதா வேண்டாமா என்று நான் தவித்ததற்குக் காரணம் என் மனைவி கோமதி. அவளுக்கு இருப்பது அவள் தம்பி கொடுத்த சிறுநீரகம். உடம்பு அதை வெளியே தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். கொரோனா ஊசி போட்டும் அவள் உடம்பு அதைக் கண்டுகொள்ளவில்லை. அவளுக்கு இந்த நோய் வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அதனால் இரண்டு வருஷமாக ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் நடத்தினோம். அவள் கீழே, நான் மாடியில். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கொல்லையில் குளித்துவிட்டு வெளிப்படி வழியாக மேலே போய்விடுவேன். சாப்பாடு படியில் இருக்கும்.

அவள்தான் போகச் சொன்னாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மண்டையை ஆட்டியது போதும், போய்க் கற்றுக்கொண்டு வாருங்கள், ஆனால் நோயை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள் என்றாள். சந்தைக்குப் போகிறவனிடம் சொல்வது போலத்தான் சொன்னாள்.

திருவனந்தபுரத்தில் இறங்கியதும் முதல் ஆச்சரியம் மூக்கு. எங்கள் ஊரில் முகக்கவசம் தாடையைத்தான் பாதுகாத்துக்கொண்டிருந்தது. இங்கே ரயில் நிலையத்தில் ஒருவருடைய மூக்கையும் நான் பார்க்கவில்லை. சுமை தூக்குகிறவர், பூ விற்கிறவர், பிச்சைக்கு உட்கார்ந்திருந்தவர் எல்லோரும் ஒழுங்காக மூடியிருந்தார்கள். டீக்கடை வாசலில் சோப்பும் தண்ணீரும் வைத்து, கை கழுவாமல் உள்ளே வந்த ஒருவரைக் கடைக்காரர் திருப்பி அனுப்பினார். திருப்பி அனுப்பப்பட்டவர் சண்டை போடாமல் போய்க் கழுவிவிட்டு வந்ததுதான் எனக்குப் பெரிய அதிசயம்.

இரண்டாவது, ஆட்டோக்காரரின் பொறுமை. மாநாடு நடக்கும் இடத்தின் வரைபடத்தை அலமேலு முதலில் அனுப்பியபோதே போனில் சேமித்து வைத்திருந்தேன். அதைக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு ரொம்ப தூரமாயிற்றே என்றார். பரவாயில்லை, போங்கள் என்றேன். நெடுஞ்சாலையில் ஊர்ந்து ஊர்ந்து கழக்கூட்டம் போய்ச் சேர்ந்தோம். கம்ப்யூட்டர் கம்பெனிகள் நிறைந்த பகுதி. கண்ணாடி மாளிகை மாதிரி ஒரு ஹோட்டல். வாசலில் நின்ற காவலாளி, அந்த மாநாடு இங்கே இல்லை, டாக்டர் மேடம் வந்து ஹாலைப் பார்த்துவிட்டு வேண்டாமென்று போய்விட்டார் என்று மலையாளத்தில் சொன்னார். ஜன்னல் திறக்குமா என்று கேட்டாராம். திறக்காது, எல்லாம் ஏ.சி. என்றார்களாம். அப்படியானால் இது ஹால் இல்லை, பெட்டி என்று சொல்லிவிட்டாராம். இடம் மாறியதை அவள் பிறகு எழுதியிருக்கிறாள். நான்தான் பழைய வரைபடத்தோடு வந்து நின்றேன்.

திரும்பவும் அதே நெரிசல். ஆட்டோக்காரர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வலியசாலைக்கு வந்து ஒரு பழைய கல்யாண மண்டபத்தின் முன்னால் இறக்கிவிட்டு, "சாரே, டாக்டர்மாருக்கும் வழி தெற்றும், அல்லே?" என்றார். வழி தவறும் என்பதைத்தான் அப்படிச் சொன்னார். ஒப்புக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

மண்டபம் கல்யாணத்துக்குக் கட்டியது என்பதைவிடக் காற்றுக்குக் கட்டியது என்று சொல்லலாம். நாலு பக்கமும் ஆள் உயர ஜன்னல்கள். நடுவில் முற்றம். முற்றத்தின் ஒரு பக்கம் பெண் வீட்டார் அறைகள், எதிர்ப்பக்கம் மாப்பிள்ளை வீட்டார் அறைகள். கல்யாணங்களெல்லாம் தள்ளிப்போனதால் மாதக்கணக்காகப் பூட்டிக் கிடந்ததை அலமேலு பிடித்திருந்தாள். தலை நரைத்திருந்ததே தவிர குரல் மாறவில்லை. "ஏண்டா, கழக்கூட்டம் போயிட்டு வந்தியாமே? நோக்கு அனாட்டமி பரீட்சையிலயும் இதே கதைதான்" என்று தூரத்தில் நின்றபடியே வரவேற்றாள்.

முதல் நாள் காலையில் வாசலிலேயே மூக்கில் குச்சி விட்டார்கள். முடிவு தெரிகிற வரை வெளியே மாமரத்தடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். சும்மா உட்கார வைக்காமல் ஒரு டம்ளரில் வெந்நீர் கொடுத்தார்கள். அது ரோஜா நிறத்தில் இருந்தது. என்ன மருந்து கலந்திருக்கிறார்கள் என்று நான் முகர்ந்து பார்ப்பதைக் கண்டு பக்கத்தில் இருந்த இளம் பெண் டாக்டர் சிரித்தார். பதிமுகம் என்று ஒரு மரத்தின் பட்டையைப் போட்டுக் கொதிக்க வைத்த குடிதண்ணீராம். இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தானாம். அவர் பெயர் பிரின்சி. பாறசாலையைச் சேர்ந்த தமிழ்க்காரி. எல்லைக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் சர்ச். மூன்று நாளும் அவர்தான் எனக்கு ஜோடி. யாருக்கு யார் ஜோடி என்று முன்பே பிரித்துவிட்டார்கள். ஜோடி மாறக் கூடாது, இடம் மாறக் கூடாது. பள்ளிக்கூடத்துப் பெஞ்சு மாதிரிதான்.

மேசைக்கு மேசை ஒரு கருவி வைத்திருந்தார்கள். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். நாம் வெளியே விட்ட மூச்சு அறையில் எவ்வளவு தேங்கி நிற்கிறது என்று அது காட்டும். தேங்காவிட்டால் பச்சை விளக்கு. தேங்க ஆரம்பித்தால் மஞ்சள். இனித் தாங்காது என்றால் சிவப்பு. எனக்கு எதைக் கொடுத்தாலும் அளந்து பார்க்கிற புத்தி. கெஞ்சிக் கூத்தாடி ஒரு கருவியைக் கையோடு வாங்கிக்கொண்டேன். டீக்கடையில் வைத்துப் பார்த்தேன், பச்சை. ஓடுகிற ஆட்டோவில் பச்சை. தங்கியிருந்த லாட்ஜ் அறையில், ஜன்னலைச் சாத்திவிட்டு நான் ஒருவனே படுத்திருந்தபோது மஞ்சள். என் மூச்சுக்கு இவ்வளவு வலிமை உண்டென்று எனக்கே தெரியாது.

பத்து மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்து மழை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற மழை. இது வந்து உட்கார்ந்துகொள்கிற மழை. சாரல் ஜன்னல் வழியாக உள்ளே அடித்தது. ஓரத்தில் இருந்தவர்கள் எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனார்கள். மேடையிலிருந்து அலமேலு, ஒரு ஜன்னலைச் சாத்தினாலும் மாநாடு முடிந்தது என்று அறிவித்தாள். பிறகு நடந்ததை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். கேரளத்து டாக்டர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பையிலிருந்து குடையை எடுத்து விரித்தார்கள். ஹாலுக்குள் வரிசை வரிசையாகக் கறுப்புக் குடைகள். குடைக்கடியில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். குடை இல்லாதவன் நான் ஒருவன்தான். பிரின்சி தன் குடையைக் கொடுத்துவிட்டு, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டார்.

மாநாடுகளில் நோய் பரவுவது மேடையில் இல்லை, சாப்பாட்டில்தான். அங்கேதான் எல்லோரும் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, நேருக்கு நேர் நின்று, வாய் நிறையப் பேசுகிறார்கள். டாக்டர்கள் நோயாளியைக் கண்டால்தான் மூடிக்கொள்வார்கள். இன்னொரு டாக்டரைக் கண்டால் கழற்றிவிடுவார்கள். இதற்கு அலமேலு கண்டுபிடித்த மருந்து பந்தி. திறந்த தாழ்வாரத்தில், எல்லோரும் ஒரே திசையைப் பார்த்து ஒரே வரிசை. ஆளுக்கொரு இலை, இலைக்கு இலை நல்ல இடைவெளி. சாப்பிடுகிறபோது பேச்சு கூடாது. அவளுடைய சின்ன வயதில் அக்கிரகாரத்தில் அப்படித்தான் சாப்பிட்டார்களாம். அதை அப்படியே கொண்டுவந்து டாக்டர்கள் தலையில் கட்டிவிட்டாள்.

பேசாமல் சாப்பிடுவது எவ்வளவு கஷ்டம் என்பதை டாக்டர்களை உட்கார வைத்துப் பார்த்தால் தெரியும். எனக்கு அடுத்த இலையில் கொல்லத்திலிருந்து வந்த ஒரு பருத்த டாக்டர். பூசணிக்காய் எரிசேரி வந்தபோது ஆகா என்று வாயைத் திறந்தவர், அலமேலுவின் கண்ணைப் பார்த்து மூடிக்கொண்டார். பிறகு இடது கையால் போனில் தட்டி அதற்கடுத்த இலைக்காரருக்கு எரிசேரியைப் பற்றிச் செய்தி அனுப்பினார். அவர் படித்துவிட்டுத் தலையாட்டினார். எனக்கோ பேசாமல் இருந்ததில் ஒரு லாபம் இருந்தது. இஞ்சிக்கறி, ஓலன், புளிசேரி எல்லாம் என்னென்ன என்று நாக்காலேயே விசாரித்துத் தெரிந்துகொண்டேன். குண்டு குண்டான சிவப்பரிசிச் சோற்றோடு மட்டும் எனக்குச் சமாதானம் ஏற்படவில்லை.

கற்றுக்கொடுத்தது வேறு மாதிரி. ஒருவர் கையை நீட்டிப் படுக்க, ஜோடிக்காரர் ஸ்கேன் கருவியால் நரம்பைத் தேட வேண்டும். ஊசி குத்துவதற்கு மனிதர் கிடையாது, ஒரு இறைச்சித் துண்டு. அதில் ஊசி முனை தெரிய வேண்டும். முதல் நாள் முழுக்க எனக்கு ஊசியின் நடுப்பகுதிதான் தெரிந்தது. முனை எங்கேயோ போயிருந்தது. பிரின்சி வயதில் என் மகளைவிடச் சின்னவர். ஆனால் தயங்காமல் என் மணிக்கட்டைப் பிடித்து மேசையில் அழுத்தி வைத்தார். "கைய அந்தரத்துல வைக்காதீங்க சார். இப்பம் பிடிச்சுப் பாருங்க" என்றார். இரண்டாம் நாள் காலையில் ஊசி முனை திரையில் வெள்ளையாகத் தெரிந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்காகத்தான் வந்தேன், வந்தது வீண் போகவில்லை என்று சந்தோஷமாக இருந்தது. நாளைக்கு இதையே தேர்வு மாதிரி ஆசிரியர் முன்னால் செய்துகாட்டிவிட்டு, சாயங்கால ரயிலில் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

அன்று மத்தியானமும் தாழ்வாரத்தில் இலை போட்டிருந்தார்கள். நான் போய் என் இடத்தில் உட்காரப் போனேன். பருப்பு வாளியோடு வந்த அலமேலு தடுத்தாள்.

"நீ என்னத்துக்கு அங்க உக்கார்றாய்? நீ என்ன விருந்தாளியா? எங்களோட கடைசிப் பந்தியில சாப்ட்டா மதி."

போதும் என்பதற்கு அவர்கள் மதி என்பார்கள். எனக்கு மனசு குளிர்ந்துபோனது. நம் பக்கத்தில் இதன் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். முதல் பந்தியில் உட்கார வைத்தால் மரியாதை. கடைசிப் பந்தியில் உட்கார வைத்தால் சொந்தம். கல்யாண வீட்டில் ஊரெல்லாம் சாப்பிட்டுப் போன பிறகு, உழைத்தவர்கள் மட்டும் கூடி உட்கார்ந்து, மிச்சம் இருப்பதை வழித்துப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டே, அன்றைக்கு நடந்த கூத்தையெல்லாம் பேசுவார்கள். கல்யாணத்தின் ருசியே அங்கேதான் இருக்கிறது. முப்பது வருஷத்துக்குப் பிறகும் இவள் என்னை அந்தப் பந்தியில் சேர்க்கிறாள். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நானும் மோர் பரிமாறினேன்.

எல்லோரும் எழுந்து வகுப்புக்குப் போன பிறகு சமையலறையை ஒட்டிய சாமான் அறையில் பாய் விரித்தார்கள். வெளியே மழை. முற்றம் நனைந்திருந்தது. பூனை வரும் என்று கதவைச் சாத்தினார்கள். உயரத்தில் இருந்த ஒரே ஜன்னலை அரிசி மூட்டை மறைத்திருந்தது. அலமேலு, அவளுடைய உதவி டாக்டர்கள், வாசலில் குச்சி விடும் நர்சுகள், சமையல்காரர் ராமண்ணா, அவருடைய ஆட்கள், நான். பானைகளை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தோம். காலையிலிருந்து முகத்தை இறுக்கிக்கொண்டிருந்த முகக்கவசங்களைக் கழற்றியதும் எல்லோருக்கும் அப்பாடா என்றிருந்தது. ஒவ்வொருவருடைய முழு முகத்தையும் அப்போதுதான் பார்த்தேன்.

போளியைப் பிய்த்து இலையில் போட்டு, அதன் மேல் பால் பாயசத்தை ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவது திருவனந்தபுரத்து வழக்கம். நமக்குப் போளி தனி, பாயசம் தனி. இதென்ன கலப்பு என்று முதல் வாய் சந்தேகத்தோடுதான் சாப்பிட்டேன். இரண்டாவது வாய்க்கு சந்தேகம் இல்லை. கொல்லத்து டாக்டர் போனில் எரிசேரி பற்றிப் பேசியதை அலமேலு நடித்துக்காட்ட, நர்சுகள் புரையேறச் சிரித்தார்கள். கல்லூரியில் நான் எலும்புக்கூட்டோடு விடுதிக்கு வந்த கதையைச் சொன்னேன். அதற்கும் சிரிப்பு.

என் சட்டைப் பையில் அந்தக் கருவி இருந்தது. பழக்க தோஷத்தில் எடுத்துப் பாயில் வைத்தேன். சிவப்பு. நான் அதைச் சிவப்பாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ராமண்ணா எட்டிப் பார்த்தார். "அடுப்புப் பக்கமா இருக்கே, அப்படித்தான் காட்டும்" என்றார். அது நியாயமாகப் பட்டது. பக்கத்து அறையில் பெரிய அடுப்புகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. மூன்று நாலு டாக்டர்கள் இருந்தோம். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். இன்னொரு போளி வந்தது. கருவியைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை லாட்ஜைக் காலி செய்துவிட்டுப் பெட்டியோடு மண்டபத்துக்குப் போனேன். மூக்கில் குச்சி, மாமரத்தடி, ரோஜா நிற வெந்நீர். எனக்கு இல்லை என்று வந்தது. ஆனால் ஹாலுக்குள் யாரையும் விடவில்லை. அரை மணி கழித்து அலமேலு முற்றத்தின் நடுவில், எல்லோரிடமிருந்தும் தள்ளி, கையில் மைக்கோடு வந்து நின்றாள். மழை விட்டிருந்தது. தாழ்வாரத்தில் நாங்கள் நின்றோம்.

"எனக்குப் பாசிட்டிவ். ஒரு நர்ஸுக்கும், சமையல் ஆள் ஒருத்தருக்கும் பாசிட்டிவ்" என்றாள். "உங்க எல்லாரையும் மழையில நனைய வச்சேன். வாயை மூடிண்டு சாப்டச் சொன்னேன். பரிமாறின நாங்க மட்டும் கதவைச் சாத்திண்டு சுத்தி உக்காந்து சாப்ட்டோம். ரெண்டு நாளும். நாங்களும் மூச்சு விடறவாதான்னு எனக்குத் தோணவே இல்லை. தப்பு என்னோடதாக்கும். அந்த அறையில சாப்ட்டவா எல்லாம் இந்தப் பக்கம் வந்து நில்லுங்கோ. மத்தவா கிளாஸுக்குப் போங்கோ. கிளாஸ் நடக்கும், கேட்டோ."

உதவி டாக்டர்கள், நர்சுகள், ராமண்ணா ஆட்கள் ஒவ்வொருவராக முற்றத்தில் இறங்கினார்கள். நான் விருந்தாளிகளின் வரிசையில், கையில் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். நான் அந்த அறையில் இருந்தது அந்த அறைக்காரர்களைத் தவிர யாருக்கும் தெரியாது. அலமேலு என்னைப் பார்த்தாள். பெயரைச் சொல்லவில்லை. "மெஷின் ரெடி சார், போலாமா?" என்று பிரின்சி கேட்டார்.

அந்த நேரத்தில் என் மனசில் ஓடியதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பரிசோதனையில் இல்லை. காய்ச்சல் இல்லை, தொண்டை வலி இல்லை. தேர்வைச் செய்துகாட்டிவிட்டு ரயிலேறினால் விடிவதற்குள் வீட்டில் இருப்பேன். கோமதி கேட்டால் நெகட்டிவ் என்று சொல்லலாம். அதில் பொய்யே இல்லை. அதுதான் அதில் இருந்த விஷம். நேற்று வாங்கிய நோய் இன்றைக்குக் குச்சியில் தெரியாது என்பது எனக்குத் தெரிந்த அளவு அவளுக்குத் தெரியாது. படியில் இருக்கும் சாப்பாட்டுத் தட்டு ஞாபகம் வந்தது. அதை எடுக்கவும் வைக்கவும் அவள் வருவாள். எனக்குப் பயமாக இருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் இறங்கினேன். நானும் அந்தப் பந்திதான் என்று சொன்னேன்.

எங்களை வெளியே எங்கும் அனுப்பாமல் மண்டபத்திலேயே தங்க வைத்தார்கள். பெண்களெல்லாம் பெண் வீட்டார் அறைகளில், ஆண்களெல்லாம் மாப்பிள்ளை வீட்டார் அறைகளில், ஆளுக்கொரு அறை. எனக்குக் கிடைத்தது மாப்பிள்ளை அறை. பூப்போட்ட கட்டில், ஆள் உயரக் கண்ணாடி, அதில் யாரோ ஒட்டிவிட்டுப் போன பொட்டு. ஜன்னலைத் திறந்தால் ஹாலில் பிரின்சி தேர்வைச் செய்துகொண்டிருப்பது தெரிந்தது. என் முறை வந்து, போனது.

கோமதிக்குப் போன் செய்தேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். இன்றைக்கு எனக்கு இல்லை, ஆனாலும் வரமாட்டேன் என்றேன். அவள் சரி என்றாள். எத்தனை நாள் என்றுகூடக் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டாள். உண்மையைச் சொன்னதற்கு ஒரு நல்ல வார்த்தை கிடைக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

முற்றத்தின் இரண்டு பக்கமும் ஜன்னலுக்கு ஜன்னல் பேசிக்கொண்டு நாட்கள் போயின. அலமேலுவுக்கு இரண்டு நாள் நல்ல காய்ச்சல். அது விட்டதும் எதிர் ஜன்னலில் வந்து நின்றாள். மாப்பிள்ளை வீட்டுக்குக் காபி வந்தாயிற்றா, சம்பந்திக்குக் குறை ஒன்றும் இல்லையே என்று கத்துவாள். மாநாட்டுக்கு வந்த ஒவ்வொருவரையும் தினம் போனில் கூப்பிட்டு விசாரித்தாள். தாழ்வாரத்தில் உட்கார்ந்தவர்களில் ஒருவருக்கும் நோய் வரவில்லை. சாமான் அறையில் உட்கார்ந்தவர்களில் பாதிக்கு மேல் படுத்துவிட்டோம். அதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிட்டது. யாருக்கும் மூச்சுத் திணறல் வரவில்லை என்பதுதான் அவளுக்கு ஒரே ஆறுதல்.

இனி எந்த மாநாடு நடத்தினாலும் பரிமாறுகிறவர்கள்தான் முதலில், திறந்த வெளியில், வரிசையாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று ஒரு நாள் அறிவித்தாள். விருந்தாளிக்கு முன்னால் நாம் கை நனைப்பதா என்று ராமண்ணா அவருடைய ஜன்னலிலிருந்து மறுத்தார். அவர்களுக்குள் அந்த வழக்கு தீரவே இல்லை. எனக்கு இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருப்பதாகத் தோன்றியது. ராமண்ணா சமைக்க முடியாததால் வெளியிலிருந்து கஞ்சியும் பயறும் அப்பளமும் வந்தன. அந்தச் சிவப்பரிசி கஞ்சியாக வந்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது.

அந்த அறைக்கு வந்த நாலாவது நாள் காலையில் எனக்குத் தொண்டை கரகரத்தது. சாயங்காலம் உடம்பு சுட்டது. குச்சி விட்டுப் பார்த்ததில், நோய் உண்டு என்று காட்டும் இரண்டாவது கோடு சட்டென்று வந்துவிட்டது. ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நோய் வந்ததில் எனக்கு ஒன்றும் பெரிய கவலை இல்லை. அந்த ரயிலில் ஏறியிருந்தால் இந்த இரண்டாவது கோடு எங்கே வந்திருக்கும் என்பதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோமதிக்குச் சொன்னேன். சாப்பிட்டியளா என்று கேட்டாள். மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். ஆக்சிஜன் அளவு காட்டும் கருவியில் விரலை வைத்துப் பார்த்துச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். மாப்பிள்ளை அறையில் இருக்கிறேன், இந்த வயதில் இப்படி ஒரு யோகம் என்றேன். அவள் சிரிக்கவில்லை. லைன் போய்விட்டதோ என்று கேட்டேன். இருக்கிறேன் என்றாள்.

"அன்னைக்கு நீங்க போன் பண்ணாம வந்து வாசல்ல நின்னு, நெகட்டிவ்னு சொல்லியிருந்தியன்னா, நான் கதவத் தொறந்திருப்பேன்" என்றாள். "மேல போகச் சொல்லியிருக்க மாட்டேன். ரெண்டு வருசமா தனியா இருந்து சாப்புட்டு எனக்கு அலுத்துப்போச்சு. அன்னைக்கு ரெண்டு பேருக்கும் சேத்து இல அறுத்து வச்சிருந்தேன்."

எதிர் ஜன்னலில் அலமேலு யாரிடமோ போனில் காய்ச்சல் உண்டா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இருவரும் போனை வைக்காமல் அப்படியே இருந்தோம்.